பின்னங்கால் தடித்த குளவி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? உன் இருமல் எப்படி இருக்கிறது? கல்லுக்கு மெருகு போடும்போது மூக்கில் துணி கட்டிக்கொள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன். நீ கட்டமாட்டாய், எனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய இரண்டாவது கல்லைப் பற்றிய கட்டுரை வெளியாகிவிட்டது. எங்கள் அருங்காட்சியகத்தில் துறைத் தலைவர் அதை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் காட்டினார். "உங்க அண்ணன் கைராசியே ராசிம்மா"ன்னு சொன்னார்.

செத்த பூச்சியில் என்ன அதிசயம் என்று அண்ணி போன கடிதத்தில் கேட்டிருந்தாள். நீ ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டாய், நானே சொல்கிறேன். கோடிக்கணக்கான வருடத்துக்கு முன்னால் ஒரு மரத்தில் பிசின் வடிகிறது. பறந்து வந்த குளவி அதில் ஒட்டிக்கொள்கிறது. பிசின் மூடி, இறுகி, மண்ணுக்குள் போய்க் கல்லாகிறது. அதுதான் அம்பர். உள்ளே குளவியின் மயிர்க்கால் கூடக் கலையாமல் இருக்கும். நான் பார்ப்பது ஒட்டுண்ணிக் குளவிகளை மட்டும். அவை ஊசி போன்ற வாலால் ஒரு புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சுகள் உள்ளிருந்தே அந்தப் புழுவை உயிரோடு தின்று வளரும்.

இதுவரை யார் கையிலும் சிக்காத காட்சி ஒன்று உண்டு. ஊசி புழுவுக்குள் இறங்கியிருக்கும் அந்த நொடியிலேயே பிசின் வந்து மூடியிருக்க வேண்டும். அப்படி ஒரு கல் கிடைத்தால் போதும், எனக்கு வேறெதுவும் வேண்டாம். என் ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. நிரந்தர இடம் ஒன்றே ஒன்று, போட்டிக்கு ஐந்து பேர். சும்மா ஏங்குகிறேன், நீ மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அண்ணிக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தங்கை

*

பிப்ரவரி 2

அன்புள்ள குளவிக்காரிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? நாள் முழுக்க ஸ்டூலில் குந்தியிருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்.

உயிரோடு இருக்கும்போதே உள்ளிருந்து தின்னும் என்று அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "உங்க பெரியப்பா வீட்டு ஆளுங்க மாதிரியா?"ன்னு கேட்டாள்.

கல் வந்தால் அனுப்புகிறேன். பூச்சி செத்துக் கிடக்கிற கல்லை யாரும் கழுத்தில் போட்டுக்கொள்ளமாட்டார்கள் என்று முதலாளி அதையெல்லாம் ஒரு தகர டப்பாவில் எறிந்துவிடுவார். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீ கேட்கிற மாதிரியெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது? பிசின் என்ன, உன்னிடம் கேட்டுக்கொண்டா வடிந்தது?

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். கிடைக்காவிட்டால் உன் வேலை போய்விடுமா?

உன் அண்ணன்

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை.

மழுப்பாமல் சொல்கிறேன். ஆமாம், போய்விடும். மற்ற நான்கு பேரும் என்னைவிடச் சின்னவர்கள், பெரிய இடத்தில் படித்தவர்கள். பேச உட்கார்ந்தால் வாய் மூடமாட்டார்கள். என்னிடம் இருப்பது நீ அனுப்பிய இரண்டு கல். என் வயதில் இந்த வேலை போனால் வேறு எவன் என்னைக் கூப்பிடுவான்? இந்தக் குளவிகளைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது, அண்ணா. கல்யாணத்தையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு இதில் வந்து உட்கார்ந்தவள் நான்.

இதையெல்லாம் எழுதி உன்னைக் கஷ்டப்படுத்தக் கூடாது. நீ கேட்டதால் எழுதினேன்.

உன் தங்கை

*

ஏப்ரல் 18

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலமே விரும்புகிறேன்.

பஞ்சில் சுற்றி ஒரு கல் அனுப்பியிருக்கிறேன். நீ கேட்டதுதான். குளவி இருக்கிறது, புழுவும் இருக்கிறது. கொஞ்சம் மங்கலான கல். ஒரு பக்கம்தான் மெருகு போட்டிருக்கிறேன்.

நன்றாகப் பார். அவசரப்படாதே. பின்னங்காலைப் பார். பார்த்துவிட்டு உடனே எனக்கு எழுது, வேறு யாரிடமும் காட்டும் முன்னால்.

உன் அண்ணன்

*

மே 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை.

பஞ்சைப் பிரித்து லென்ஸை வைத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஊசி புழுவுக்குள் இறங்கியிருக்கிறது. புழு உடம்பை வளைத்துக்கொண்டு திமிறுகிறது. யாரிடமும் காட்டாதே என்று நீ எழுதியிருந்தாய். என்னால் முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு தலைவர் அறைக்கு ஓடினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இனி அந்த இடம் உங்களுதுதாம்மா, கமிட்டி சும்மா பேருக்கு"ன்னு சொன்னார்.

நீ சொன்னபடி பின்னங்காலையும் பார்த்தேன். உன் கண்ணே கண். அவ்வளவு தடித்த தொடையை இந்தக் குடும்பத்துக் குளவியில் நான் கண்டதில்லை. புது இனம் என்று சொல்ல அந்தக் கால் ஒன்றே போதும். கட்டுரையை அனுப்பிவிட்டேன். அண்ணி பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறேன், அவளிடம் சொல்லிவிடு.

அடுத்த மாதம் இங்கே ஒரு ஸ்கேன் எந்திரம் வருகிறது. கல்லை உடைக்காமலே உள்ளே உள்ளதை அடுக்கடுக்காகக் காட்டுமாம். அதில் முதலில் போவது நம் கல்தான்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உனக்கு நன்றி சொன்னால் நீ திட்டுவாய், அதனால் விட்டுவிடுகிறேன்.

உன் தங்கை

*

மே 21

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பின்னங்காலைப் பற்றி அங்கே ஒருவர் கூட ஒன்றும் சொல்லவில்லையா? உன் தலைவருமா? கட்டுரையைத் திருப்பி வாங்கமுடியும் என்றால் வாங்கி இன்னொரு தடவை பார். அண்ணி பெயரெல்லாம் வேண்டாம். அவளுக்கு அதெல்லாம் பிடிக்காது.

அந்த எந்திரத்தில் கட்டாயம் வைத்துத்தான் ஆக வேண்டுமா?

உன் அண்ணன்

*

ஜூன் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இதை உட்கார்ந்துகொண்டு படி.

நேற்றுக் காலை கல்லை எந்திரத்தில் வைத்தோம். துறையே கூடி நின்றது, யாரோ இனிப்பு கூட வாங்கி வைத்திருந்தார்கள். திரையில் கல் ஒவ்வொரு அடுக்காக விரிந்தது. திடீரென்று குறுக்கே ஒரு கோடு. வெடிப்பு என்றுதான் நினைத்தேன். வெடிப்பு வளைந்து நெளிந்து போகும், இது டப்பா மூடி போல நேராகச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தது. மூடிக்கு உள்ளே இருப்பது அம்பர் இல்லை, வேறு ஏதோ. எந்திரத்தை ஓட்டுகிறவன் சின்னப் பையன், அவனுக்குப் பூச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன்தான் சொன்னான், "மேடம், இதுக்குக் கால்ல பசை இருக்கே."

இருந்தது. இடுப்பில் கால் சேரும் இடத்தில் ஒரு சொட்டுப் பசை. அந்தத் தடித்த கால் குளவியின் காலே இல்லை. வெட்டுக்கிளிக் குஞ்சின் கால். புழு, நம் வீட்டு மாவு டப்பாவில் நெளியுமே, அதே புழு.

யாரும் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை. தலைவர் போய்க் கட்டுரையை நிறுத்தச் சொல்லித் தந்தி போலச் சுருக்கமாக எழுதி அனுப்பினார். அச்சாகவில்லை, அந்த மட்டில் தப்பித்தோம். கமிட்டியைத் தள்ளிவைத்து, அதுவரை என் ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார்கள்.

உன்னை எவனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான். அந்தத் தகர டப்பாவில் இது எப்படி வந்தது, யார் போட்டது? முதலாளியா? விசாரித்து எழுது. உன் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. நீ நல்லதுக்குத்தான் அனுப்பினாய்.

உன் தங்கை

*

ஜூலை 15

அன்புள்ள தங்கைக்கு,

நலம். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறாயா?

எங்கள் பட்டறையில் ஒட்டாத கல் ஏது? உடைந்தால் ஒட்டுவோம், பள்ளம் இருந்தால் நிரப்புவோம். அது இங்கே அன்றாட வேலை. உன் எந்திரத்துக்கு அது புதிதாக இருக்கும்.

இங்கே மழை விட்டபாடில்லை. பெரியவனுக்குப் பல் விழுந்திருக்கிறது. முதலாளி புது சாணை வாங்கியிருக்கிறார், சத்தம் குறைவு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது மழையும் சாணையும். யார் செய்தது என்று ஒரே ஒரு வரி எழுத உனக்கு என்ன தடை? முதலாளிக்குப் பயப்படுகிறாயா? அப்படியானால் அதையாவது சொல். எதையாவது சொல்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 30

என் செல்ல நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது,

நீ நல்லா இருக்கியா? நாங்க இருக்கோம். சால்வை ரொம்ப அழகா இருக்கு, கடிதம் போடத்தான் இவ்வளவு நாள் ஆயிடுச்சு, கோவிச்சுக்காதே. எனக்கு உன்னை மாதிரி எழுத்து நடையெல்லாம் வராது, பேசற மாதிரியே எழுதறேன்.

உங்க அண்ணன் சரியா சாப்பிடறதில்லை. பட்டறைலேர்ந்து வந்தா சுவரைப் பாத்து உக்காந்துக்கறார். கேட்டா வள்ளுன்னு விழறார். கடைசியா செஞ்சு அனுப்பினது உனக்குப் பிடிக்கலையா? அதுக்கு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஜன்னல்ல குளவி வந்தா போதும், டம்ளரைக் கவுத்துப் புடிச்சிடுவார். பிள்ளைங்க ரெண்டும் "அத்தைக்கு ஆர்டர், அத்தைக்கு ஆர்டர்"னு குதிக்கும். புழு என் மாவு டப்பாலேர்ந்து எடுத்தது. ஒரு டப்பா மாவு குப்பைக்குப் போச்சு, உன் கணக்குல எழுதி வச்சிருக்கேன். வெட்டுக்கிளி பெரியவன் புடிச்சுட்டு வந்தான். அந்தச் சின்னக் காலை ஊசிமுனைல எடுத்து ஒட்டறதுக்குள்ள மனுஷன் மூச்சே விடலை.

நீ என்ன வேணும்னு எழுதினாலும் அவர் செஞ்சு குடுத்துடுவார்னு நானும் பெருமையாத்தான் சொல்லிக்கறேன். அருங்காட்சியகத்துல பார்வைக்கு வைக்கறதுக்கு மாதிரிப் பூச்சி செய்யறதுன்னா சும்மாவா? மொத கல்லு செஞ்சப்போ நான் கல்யாணமாகி வந்த புதுசு. அன்னிக்கு அவர் எப்படிச் சிரிச்சார் தெரியுமா. இது பிடிக்கலைன்னா வேற எப்படி வேணும்னு எழுது, செய்யச் சொல்றேன். அவரை மட்டும் திட்டாதே.

அன்புடன்,
உன் அண்ணி

*

செப்டம்பர் 14

அண்ணா,

நலம் விசாரிக்க இன்று எனக்குக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

அண்ணியின் கடிதம் வந்தது. முதல் தடவை படித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கேயோ யாரோ யாருக்கோ எழுதியது என் வீட்டுக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது தரையில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

அவளுக்கு ஒரு கள்ளமும் இல்லை. நான் ஆர்டர் கொடுத்தேன், நீ செய்தாய், அவ்வளவுதான் அவளுக்கு. பிள்ளைகளுக்கும் அப்படித்தான். உன் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. இதை நான் யாரிடம் போய்ச் சொன்னால் நம்புவார்கள்? நானே யோசித்துப் பார்த்தேன். நீண்ட உணர்கொம்பு உள்ள குளவி கிடைக்காதா என்று எழுதினேன், சில மாதத்தில் நீண்ட கொம்புக் குளவி வந்தது. முட்டை வைக்கும் குளவி கிடைக்காதா என்றேன், அதுவும் வந்தது. கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் ஏங்கி எழுதியதெல்லாம் உனக்கு வேலை உத்தரவாகப் போயிருக்கிறது.

எனக்கு உன் மேல் வருகிற கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னை அழித்துவிட்டாய். அதை எழுதும்போதே, மூச்சுக் கூட விடாமல் நீ குனிந்து அந்தக் காலை ஒட்டிய காட்சி கண்ணில் வருகிறது. அழுகை வருகிறது.

தலைவரிடம் போனேன். மூன்றாவது கல்லையும் இரண்டாவதையும் செய்தது என் அண்ணன் என்று சொல்லிவிட்டேன். "உங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேட்டார். தெரியாது என்றேன். அவர் நம்பினாரா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. நிரந்தர இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டாவது கட்டுரை தவறு என்று நானே எழுதி அனுப்பிவிட்டேன்.

முதல் கல்லைப் பற்றி நான் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. வாசலில் கண்ணாடிப் பெட்டியில் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்களே, அந்தக் கல். முன்சிறகு சின்னதாகவும் பின்சிறகு பெரியதாகவும் இருக்கும் குளவி. நான் இங்கே நுழைந்ததே அதனால்தான். பள்ளிப் பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் அதையும் எந்திரத்தில் வைக்கப் போகிறார்கள்.

முதல் கல் செய்தபோது என்று அண்ணி எழுதியிருக்கிறாள். அவள் எந்தக் கல்லைச் சொல்கிறாள்? வேறு ஏதாவது விளையாட்டுக்குச் செய்த கல்லாக இருக்கலாம். அவள் நாள், தேதி எல்லாம் மாற்றிச் சொல்லுகிறவள்தானே. அந்த ஒன்று மட்டும் உண்மை என்றால் போதும். வேலை போகட்டும், பெயர் போகட்டும், ஒரு தடவையாவது நான் நிஜமாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று இருக்கும். எந்திரம் சொல்வதற்கு முன் நீ சொல்லிவிடு. அது உண்மைதானே?

தங்கை

*

செப்டம்பர் 22

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அதைத் தவிர வேறு எதைக் கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "பார்வைக்கு வைக்கற மாதிரின்னுதானே என்கிட்ட சொன்னீங்க"ன்னு கேட்டாள். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

உன் ஆராய்ச்சி ஊற்றிக்கொண்டு நீ வீட்டுக்கு வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாயே, அப்போது செய்ததுதான் அந்த முதல் கல். நீ யாரோடும் பேசவில்லை. உன்னை ஒரு தடவையாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு குளவியைப் பிடித்துச் சிறகுகளைப் பிடுங்கி, முன்சிறகு இருந்த இடத்தில் பின்சிறகையும், பின்சிறகு இருந்த இடத்தில் முன்சிறகையும் ஒட்டிக் கல்லுக்குள் வைத்தேன். லென்ஸை வைத்ததும் கண்டுபிடித்துவிடுவாய், "அண்ணா, உனக்கு வேற வேலையே இல்லையா"ன்னு ஓடி வந்து முதுகில் குத்துவாய் என்று நினைத்தேன். மெருகு போட்டு முடிப்பதற்குள் நீ ஊருக்குக் கிளம்பிவிட்டாய். அதனால் தபாலில் போட்டேன். சீட்டு ஒன்றும் வைக்கவில்லை, வைத்தால் வேடிக்கை கெட்டுவிடும் என்று.

உன் பதில் வந்தது. தலைவர் கதவைத் திறந்துகொண்டு வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்று எழுதியிருந்தாய். சிறகு மாறியிருக்கும் குளவி உலகத்திலேயே இதுதான் முதல் என்று எழுதியிருந்தாய். அண்ணி அதை உரக்கப் படித்தாள். அப்போது உயிரோடிருந்த அப்பா எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் அன்றைக்கு நான் எப்படிச் சொல்வேன்? நாளைக்கு யாராவது பார்ப்பார்கள், சிரிப்பார்கள், முடிந்துவிடும் என்று இருந்தேன். எத்தனை படித்தவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

நீ கொம்பு கேட்டபோது எறும்பின் கொம்பை எடுத்துக் குளவித் தலையில் வைத்தேன். இது நிச்சயம் மாட்டிக்கொள்ளும், இதோடு எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். நீ அதற்கும் கட்டுரை எழுதினாய். மூன்றாவதை வேடிக்கைக்குச் செய்யவில்லை, உன் வேலைக்காகச் செய்தேன். அதைச் செய்யும்போதும் காலை மாற்றினேன், பின்னங்காலைப் பார் என்று கடிதத்திலும் எழுதினேன். நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ பார்த்துக் கண்டுபிடித்து என்னைத் திட்டினால் போதும் என்று இருந்தது.

ஒவ்வொரு கல்லிலும் ஒரு தப்பு வைத்தேன், தங்கச்சி. நீ ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பெயர் வைத்தாய். முதல் தப்புக்கு என் பெயரை வைத்தாய்.

உன் அண்ணன்